ஊருக்கெல்லாம் முதல் வீடு தேடித் தந்த அக்கா

அக்கா அனகாபுத்தூரில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். அடுத்தவள் நான். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது எங்கள் வீடுதான். தண்ணீர் வடிந்ததும் பாத்திரமும் பாயும் சுமந்து அடுத்த சந்துக்குக் குடிபோவோம். சொந்த வீட்டின் மேல் அக்காவுக்கு ஆசை விழுந்தது அப்போதுதான்.

படிப்பை முடித்துக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மணமான பிறகும் வாடகை வீடுதான். முதன்முதலாக வீடு வாங்குவோரின் கடனுக்கு அரசு வட்டி மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, பெருங்களத்தூரில் அடுக்குமாடி கட்டி விற்றவரிடம் விசாரித்தார்.

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சு மேடம்" என்று அவர் கைவிரித்தார்.

அக்கா நம்பவில்லை. அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தாம்பரத்தில் வங்கி வங்கியாக ஏறி இறங்கினார். குடும்பத்தில் யார் பெயரிலும் வீடு இருக்கக் கூடாது, வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும், பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளைக் கேட்டறிந்தார். அக்காவின் கணவர், எங்கள் மாமா, "உன் பேர்லயே வாங்கிக்கோ" என்றார். மானியம் வந்து கடன் இறங்கியது. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் அக்காவின் பெயரில் ஒரு சிறிய வீடு அமைந்தது.

கிரகப்பிரவேசத்தன்று சிரித்த முகத்தோடு பாயசம் பரிமாறினேன். உள்ளே வயிறு எரிந்தது. சேலையூரில் நான் வாழும் வீடு என் கணவர் பெயரில் இருக்கிறது. ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் மாமியாரைக் கேட்க வேண்டும்.

அதன் பிறகு அக்கா எனக்கு மட்டும் உரியவராக இல்லை. மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் உடன் வரும் பெண்கள் ஒவ்வொருவராக அவரிடம் வழி கேட்கத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனால், யாரோ ஒரு பெண்ணுடன் அக்கா வீடு பார்க்கக் கூடுவாஞ்சேரிக்குப் போயிருப்பார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எனக்கும் ஒண்ணு பாரேன்க்கா."

"உனக்கு மானியம் வராதுடி. உன் வீட்டுக்காரர் பேர்ல வீடு இருக்கே."

"அதுல ஆணி அடிக்கக்கூட எனக்கு உரிமை இல்ல. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். மானியம் குடுக்கிறவங்களுக்குத் தெரியாதே."

"யார் யாருக்கோ அலையற. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் கிடையாதா?"

அக்கா என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார். "இருக்கிற வீட்டை இல்லைன்னு எழுதித் தர முடியாதுடி" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனாலும் அந்த ரயில் பெண்கள்மீது எனக்கிருந்த பொறாமை குறையவில்லை.

கல்லீரல் நோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியபோது, இரத்தம் தேவை என்று மருத்துவர் சொன்ன அன்றே அவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோரும் "எங்க அக்கா" என்றார்கள். நான் கஞ்சி ஊட்டினால் "போதும்" என்று ஒதுக்கிய அக்கா, செல்வி கொண்டுவந்த ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார். செல்வி, கல்லூரி விடுதியில் சமைப்பவர். ஊரப்பாக்கத்தில் அக்கா வழிகாட்டி வீடு வாங்கியவர்.

அக்கா மறைந்த அன்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வண்டலூர் தாண்டுனா போதும், பாடிகினே வருவாங்க. இன்னா கொரலு. பொட்டியே கம்முனு கேக்கும்."

"அக்கா பாடுவாங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். வீட்டில் அக்கா ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை.

இரத்தம் தந்தவர்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறிக் காவலிருந்தவர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த மாமாவின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ரயில் தோழியருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு நன்றி எழுதும் இந்த நேரத்திலும் உங்கள்மீது எனக்குப் பொறாமைதான். இன்று அக்காவின் காரியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அக்கா பாடியது எந்தப் பாட்டு என்று யாராவது எனக்குப் பாடிக் காட்டுங்கள்.

— தங்கை