மீனுக்கு நான் போட்ட தீனி

நான் பனியன் துணி வியாபாரி. கொமரலிங்கத்தில் வயலோரம் குட்டை வெட்டிக் கெண்டை மீன் வளர்க்கிறேன். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ரத்தம் குறைந்து சோர்ந்திருந்தாள். டாக்டரம்மா மீன் கொடுக்கச் சொன்னார். மீன் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று கறிக்கடையிலிருந்து கோழிக் குடலை வாங்கி வந்து தினமும் குட்டையில் கொட்டினேன். ஒரே மாதத்தில் மீன்கள் கொழுத்துவிட்டன.

அறுத்தால் வயிறெல்லாம் மஞ்சள் கொழுப்பு. எனக்குப் பெருமை. இரண்டு துண்டு தின்ற மகள், “அத்தா, ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க” என்றாள். சற்று நேரத்தில் வாந்தியெடுத்து மயங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாள். தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் அல்லாஹ் காப்பாற்றினான்.

மீனுக்கு என்ன போட்டேன் என்று டாக்டரம்மா விசாரித்துவிட்டு, “தீனி எப்படியோ அப்படித்தானுங்க சதையும். இதுல கொழுப்புத்தான் ஏறியிருக்கு, சத்து ஏறலை” என்றார்.

என் மனைவி விடவில்லை. “ஏனுங்க, கண்டதைத் தின்னு மேயுற கோழியை மூணு நாள் கட்டிவெச்சு, நல்ல தீனி போட்டுத்தானே அறுக்கறோம்? மீனுக்கு மட்டும் நீங்களே குப்பையை ஊட்டுனீங்களாக்கும்?”

மறுநாளே மீன்களைப் பிடித்துக் கிணற்றடித் தொட்டியில் விட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் மட்டுமே போட்டேன். பேரன் பிறந்த பிறகு அந்த மீனைச் சமைத்தோம். “இன்னொரு துண்டு வைங்கம்மா” என்றாள் மகள்.

இப்போது அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மில்லா சொல்லித்தான் தீனி போடுகிறேன். அப்படிச் சொல்ல மனம் கூசுகிற எதையும் குட்டைப் பக்கம் கொண்டுபோவதில்லை.