மாதா சீசாவில் இருந்த தைலம்

வேப்பெண்ணெயின் கசந்த வாடையும் அதற்கு மேல் கிராம்பின் காரமும் சேர்ந்து வாசல்வரை வந்தால், அம்மாவுக்கு மறுபடியும் உதட்டில் வந்துவிட்டது என்று பொருள். பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே போனால் அம்மா கண்ணாடி முன் நின்று, விரலில் சுற்றிய பஞ்சால் கீழுதட்டின் ஓரத்தை ஒற்றிக்கொண்டிருப்பாள். வாயைத் திறந்தால் தோல் இழுக்கும் என்பதால், சாப்பாடு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே காட்டுவாள்.

எங்கள் வீட்டில் அதற்குச் "சூட்டுக் கொப்புளம்" என்று பெயர். முதலில் உதட்டின் ஓரம் குறுகுறுக்கும், மறுநாள் கடுகு கடுகாய் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எழும், பிறகு உடைந்து, பொருக்குத் தட்டி, சிரித்தால் வெடித்து, ஒரு வாரம் பத்து நாள் ஆட்டம் காட்டிவிட்டுப் போகும். சளி பிடித்தால் வரும், வெயிலில் அலைந்தால் வரும், அம்மா டீச்சராக இருந்த ஆரம்பப் பள்ளிக்கு மேலதிகாரி யாராவது வருகிறார் என்றாலும் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் "பல்லி எச்சம் பட்டிருக்கு டீச்சர்" என்றார்கள். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்த என் அப்பா, உடம்பில் எது வந்தாலும் சூடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு இளநீர் வாங்கி வருவார். அம்மா யாரிடமும் வாதாடுவதில்லை. அவளுக்கு அவளுடைய எண்ணெய்கள் இருந்தன.

கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகச் சீசாக்கள். சேவுகம்பட்டியில் இருந்த என் தாய்மாமா தன் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டி அனுப்பிய எண்ணெய் பெரிய சீசாவில் இருக்கும். அதுதான் தாய் எண்ணெய், மற்றதெல்லாம் அதில் சேர வேண்டியவை. குறுகுறுப்பு தொடங்கியதும் தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் கலந்து வைப்பாள், மரத்துப்போய் எரிச்சல் அடங்கும். கொப்புளம் உடைந்த பிறகு அதே எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய். பொருக்குத் தட்டியதும் விளக்கெண்ணெய், அது பிசுபிசுவென்று மேலே உட்கார்ந்துகொண்டு தோல் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். எந்தத் தைலத்தையும் தனியாக உதட்டில் வைக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும் என்பதில் அவள் மகா கண்டிப்பானவள். எண்ணெய் ஆற்றியதா, நாளாக நாளாகத் தானே ஆறியதா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. எரிச்சல் குறைந்தது, அவள் வகுப்பில் நின்று பாடம் நடத்த முடிந்தது, அது போதுமாயிருந்தது.

எண்ணெயோடு சில சட்டங்களும் இருந்தன. புண் இருக்கும் நாட்களில் அம்மாவின் தம்ளரை யாரும் தொடக் கூடாது, அவள் துண்டில் யாரும் முகம் துடைக்கக் கூடாது. இவற்றை நான் பொருட்படுத்தவில்லை. என்னை உறுத்திய சட்டம் வேறு. அம்மா எனக்கு முத்தம் கொடுப்பதில்லை. புண் இருக்கும்போதும் இல்லை, இல்லாதபோதும் இல்லை. தலை வாரிவிடுவாள், மடியில் போட்டுக்கொள்வாள், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விசிறுவாள், முகத்தை மட்டும் என் முகத்தின் அருகே கொண்டுவர மாட்டாள். எதிர்வீட்டு அம்மா தன் பிள்ளைகளைக் கன்னம் சிவக்கச் சிவக்க முத்தமிடுவதை நான் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு, என்னைத் தவிட்டுக்கு வாங்கியிருப்பார்கள் என்று நானே ஒரு பதிலும் வைத்திருந்தேன்.

எனக்குப் புதுநன்மை கொடுப்பதென்று முடிவான வருஷம் இந்த வழக்கு உச்சத்துக்குப் போனது. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் ஒரு சின்னக் கல்யாணம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தி. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி, "அன்னைக்கு உங்க நெஞ்சுக்குள்ள ஆண்டவர் இருப்பாரு, அதனால பூசை முடிஞ்சதும் அம்மா அப்பா எல்லாரும் உங்களுக்கு முத்தம் குடுப்பாங்க" என்று சொல்லியிருந்தார். நான் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். அவள் கண்ணாடியில் தன் உதட்டைப் பார்த்துவிட்டு, "உதடு சுத்தமா இருந்துச்சுன்னா அன்னைக்குக் கண்டிப்பாத் தாரேன், நெத்தியில" என்றாள். கன்னத்துக்குப் பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை. நெற்றிக்கே சம்மதித்தேன்.

புதுநன்மைக்கு முந்தைய வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. சளிக்குப் பின்னாலேயே கொப்புளமும் வந்தது. அந்த ஒரு வாரம் அவள் அந்த உதட்டுக்குச் செய்த ஊழியத்தை இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. மூக்கடைத்து, கண்ணில் நீர் வழிய, காலையும் மதியமும் சாயங்காலமும் எண்ணெய் மாற்றி மாற்றி வைத்தாள். சனிக்கிழமைக்குள் பொருக்குக் கழன்று, இளஞ்சிவப்பாய் ஒரு தடம் மட்டுமே மிச்சம் இருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எனக்குப் பாதி மோட்சம் அப்போதே கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் எரியோட்டிலிருந்து வந்திருந்த ஆரோக்கியம் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். அத்தைக்கு ஜெபம் சொல்லாமல் எண்ணெய்ச் சட்டியைக்கூட அடுப்பில் ஏற்றத் தெரியாது. முன்பொரு முறை திருத்தலத்துக்குப் போனபோது, மாதா உருவத்திலேயே செய்த பிளாஸ்டிக் சீசாவில் மந்திரித்த தேங்காயெண்ணெய் வாங்கிவந்து எங்களுக்குக் கொடுத்திருந்தாள். நீலக் கிரீடம்தான் மூடி. அடுப்படியில் இருந்தபடியே அவள் அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள்.

"மதினி, அம்புட்டு எண்ணெயும் வச்சுப் பாத்தீகளே, மாதா எண்ணெய வச்சீகளா?"

அம்மாவுக்கு அது தோன்றாமல் போனதில் வெட்கமாகக்கூட இருந்திருக்கலாம். பலகையின் கோடியில் இருந்த மாதா சீசாவை எடுத்து, கிரீடத்தைத் திருகி, விரலில் தாராளமாக ஊற்றி, சிலுவை போட்டுக்கொண்டு உதட்டில் தேய்த்தாள். அடுத்த கணம் அவள் போட்ட சத்தத்தில் நான் தின்பண்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

"ஆரோக்கியம், எரியுதுடீ!"

"எரியட்டும் மதினி, செத்த நேரம் பொறுங்க. மாதா வேலை செய்யிறா!" என்றாள் அத்தை, முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

அம்மா பொறுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மாதா வேலை செய்யட்டும் என்று நின்றாள். எனக்குத்தான் மூக்கு திறந்திருந்தது. "அம்மா, சளித் தைலம் வாட வருது" என்றேன். அத்தை கரண்டியோடு வந்து சீசாவை மோந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கை விவரிக்க எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். மாதா எண்ணெய் எப்போதோ தீர்ந்துவிட்டது. சீசா காலி, ஆனால் மாதா உருவத்தைக் குப்பையில் போட எங்கள் வீட்டில் எவருக்கும் கை வராது. எரிக்கவும் முடியாது, பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனிடம் போடுவது அதைவிடப் பாவம். ஆகவே அது பலகையில் நின்றது. மில் ஆட்களோடு கொடைக்கானலுக்குப் போய்வந்த அப்பா வாங்கிவந்த யூகலிப்டஸ் தைலத்தின் மூடி பையில் விரிசல் விட்டு ஒழுகியிருக்கிறது. கையில் அகப்பட்ட காலிச் சீசாவில் ஊற்றிவைத்துவிட்டு அவர் அதை மறந்தும் போனார். அந்தத் தைலத்தை அம்மா ஒரு சொட்டுக்கூடக் கலப்பில்லாமல் தொட்டதில்லை.

மில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரை அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, மாதா வயித்துல போயி யூகலிப்டஸ ஊத்துவியா?"

"சும்மாதான இருந்துச்சு" என்றார் அப்பா. சொன்ன கையோடு இளநீர் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அம்மா தேங்காயெண்ணெயைக் குடம் குடமாக ஊற்றாத குறையாகத் துடைத்தும் விடியும்போது உதடு வீங்கி, இளந்தோல் உரிந்து, பழைய கொப்புளத்தைவிடப் பெரிய ரணமாக இருந்தது. முக்காட்டுச் சேலையை வாய்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். பூசை முடிந்தது. முற்றத்தில் வெள்ளைக் கவுன்களுக்கு நடுவே ஒரே முத்தச் சத்தம். அத்தை வந்து என் இரண்டு கன்னத்திலும் முறுக்கு வாசத்தோடு கொடுத்தாள். அப்பா குனிந்து மீசை குத்தக் கொடுத்தார். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் என் முன்னால் வந்து குனிந்தாள். வலது கை விரல்களால் என் நெற்றியைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், அந்த விரல்களைத் தன் வாய்க்கு அருகே கொண்டுபோய், முத்தமிடுவதுபோல் முத்தி செய்துகொண்டாள். கோயிலில் சுரூபத்தின், அதாவது சிலையின், பாதத்தைத் தொட்டு எல்லாரும் செய்வோமே, அப்படி.

"நான் என்ன சுரூபமா?" என்று கேட்டேன்.

அவள் முக்காட்டை மறுபடி வாய்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்று எடுத்த புகைப்படத்தில் அம்மா முக்காட்டுக்குள் இருக்கிறாள், நான் உம்மென்று இருக்கிறேன், பின்னால் அத்தை மட்டும் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. தொட்டு எடுத்துக்கொள்ளும் அந்த விரல் முத்தியே எங்களுக்குள் வழக்கமாகிப்போனது.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். அம்மா அதே வீட்டில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்கு மறுபடி உதட்டில் வந்து, வயதுக்கு அது லேசில் ஆறாமல் போகவே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயதில் என் மகனைவிடச் சற்றுப் பெரியவராக இருப்பார். மருந்து எழுதிவிட்டு, "உங்களுக்கும் வருமாம்மா?" என்று என்னைக் கேட்டார். ஒரு தடவைகூட வந்ததில்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஆச்சரியமா இருக்கே. இது கிருமி. ஒருதரம் ஒட்டுச்சுன்னா ஆயுசுக்கும் போகாது. முக்கால்வாசிப் பேருக்குச் சின்ன வயசுல பெத்தவங்க முத்தத்துலதான் ஒட்டும்" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மாவிடம் கேட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னாக, புண்ணு இருக்கையில புள்ள மூஞ்சிகிட்டப் போகாதன்னு. அது எப்ப வரும்னு எனக்கு என்ன தெரியும்? ஒருநா குறுகுறுங்கும், மறுநா வந்து நிக்கும். எதுக்கு வம்புன்னு போகவே இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விட்டிருவியா? ஒண்ணே ஒண்ணும்ப. எனக்கும் மனசு கேக்காது."

வீட்டில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. செக்கெண்ணெய் அனுப்பிய மாமா இல்லை. வேப்பெண்ணெயும் கிராம்புத் தைலமும் தீர்ந்தபின் யாரும் வாங்கவில்லை. அந்த இடத்தில் மாத்திரை அட்டைகளும் களிம்புக் குழாயும் கிடக்கின்றன. மாதா சீசா மட்டும், கிரீடத்தின் நீலம் வெளுத்து, கோடியில் நிற்கிறது. திருகி மோந்து பார்த்தேன். எந்த வாசனையும் இல்லை.

கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். உதட்டில் களிம்பு மினுங்கியது. கையைத் தூக்கினாள், என் உயரத்துக்கு அவளுக்கு எட்டவில்லை. நான் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் என் நெற்றியையும் கன்னத்தையும் தொட்டு எடுத்து முடிக்கும்வரை சுரூபம் மாதிரி அசையாமல் நின்றேன்.