இல்லாத ஒரு ரிசர்ச் சென்டர்

போன வாரம் பெங்களூரில் இருந்தேன். பேங்க் டிரெயினிங். கடைசி நாள் மத்தியானமே விட்டுவிட்டார்கள். கூட வந்தவர்கள் பட்டுச்சேலை வாங்கக் கிளம்பினார்கள். நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் கேட்டில் போய் நின்று, “வத்சலா மேடத்தைப் பார்க்கணும்” என்றேன்.

வத்சலா யார்? எனக்கும் முகம் தெரியாது. கையெழுத்துதான் தெரியும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்பது, எண்பது வாக்கில் எனக்கும், மேலகரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சண்முகத்துக்கும் எல்.இ.டி. பைத்தியம் பிடித்திருந்தது. பட்டாணி அளவில் ஒரு சிவப்புக் குமிழ். பேட்டரியில் எரியும், தொட்டால் சுடாது. தென்காசியில் எந்தக் கடையிலும் கிடையாது. கம்பெனிகளுக்கு எழுதினால் சாம்பிள் இலவசமாக அனுப்புவார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தோம். ஆனால் தனி ஆளுக்கு யார் அனுப்புவார்கள்?

‘குற்றாலம் எலக்ட்ரானிக்ஸ் ரிசர்ச் சென்டர்’ என்று லெட்டர்பேட் அடித்தோம். விலாசம், சண்முகத்தின் கடை. இங்கிலீஷ் என் பொறுப்பு. இந்த பெங்களூர் கம்பெனிக்கு எழுதினேன். வருஷத்துக்கு எத்தனை வாங்குவீர்கள் என்று கம்பெனி கேட்டது.

“அம்பதாயிரம்னு போடுலே,” என்றான் சண்முகம். “நூறுன்னு போட்டா மதிக்க மாட்டான்.”

போட்டேன். பார்சல் வந்தது. கறுப்பு ஸ்பாஞ்சில் குத்திவைத்த பத்து எல்.இ.டி. கூடவே டைப் அடித்த கடிதம். அடியில் வத்சலாவின் கையெழுத்து. ஓரத்தில் பேனாவால், தமிழில் ஒரு வரி — ‘எனக்கு வாசுதேவநல்லூர். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டதா?’

அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை. ரிசர்ச் சென்டர் அதெல்லாம் எழுதுமா?

பத்தும் ஒரே நாளில் கருகின. கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர் போடாமல் நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டோம். மறுபடி எழுதினோம். மறுபடி அனுப்பினார். இப்படி எட்டுத் தடவை. கடைசியில் ஒரு பிளைவுட் பலகையில் வரிசையாகப் பதித்து, மேலிருந்து கீழே அருவி விழுவதுபோல ஓடவிட்டோம். சீசனுக்கு வந்தவர்கள் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். சண்முகம் பலகைமேல் துண்டைப் போட்டு மூடினான். “யாரோ நம்ம கடை விலாசத்தைக் கொடுத்திருக்கான் சார். அப்படி ஒரு சென்டரே இங்கன கிடையாது” என்று சொல்லி அனுப்பிவிட்டான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். அப்புறம் சாம்பிள் வரவில்லை. நாங்களும் மறந்துபோனோம். பெங்களூரில் இறங்கியதும்தான் எனக்கு அந்தத் தமிழ் வரி ஞாபகம் வந்தது...

கேட்டில் இருந்த வாட்ச்மேன் தமிழர். “அந்தம்மா இங்கேருந்து போயி ரொம்ப வருஷம் ஆகுதே” என்றவர், பக்கத்துத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வழி சொன்னார்.

அங்கே இருந்தார். முப்பது வயது இருக்கும். என் பெயரைச் சொன்னேன். சென்டர் பெயரையும் சொன்னேன்.

“நீங்கதானா சார் அது?”

குரல் உயரவில்லை. “ஆர்டர் ஒண்ணும் வரலையேன்னு மானேஜர் கேட்டாரு. எங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன். சந்தேகம்னா ஆள் அனுப்பிப் பாருங்கன்னு சொன்னதும் நான்தான். போனவரு திரும்பி வந்து, அங்கன ஒண்ணுமே இல்லைன்னுட்டாரு. நானும் கூட்டுன்னு நெனச்சு அன்னைக்கே என்னை வேலையிலருந்து நிப்பாட்டிட்டாங்க.”

“ஊருக்கு...?”

“போகலை. போனா, ஏன் வந்தேன்னு கேப்பாங்கல்லா. ஏழு மாசம் சும்மா இருந்தேன். பணம் கட்ட முடியாம தம்பி பாலிடெக்னிக்கை விட்டுட்டு மில்லுக்குப் போயிட்டான்.”

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன செய்ய? அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி சார். அடுத்த பேட்ச் வந்துட்டாங்க” என்று எழுந்துகொண்டார்.

கம்பெனியைத்தானே ஏமாற்றுகிறோம் என்று அன்றைக்கு நினைத்தோம். கம்பெனிக்கு ஏது முகம்? எங்கோ ஒரு மேஜையில் ஒருவர் உட்கார்ந்து, நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் — அது தோன்றவே இல்லை.

ஊர் திரும்பியதும் சண்முகத்திடம் சொன்னேன். கையிலிருந்த சோல்டரிங் அயர்னைக் கீழே வைத்தான்.

“ஏசுனாங்களாலே?”

“இல்லை.”

“ஏசியிருக்கலாம்லே...”