ஷெவர்லேயைத் தோற்கடித்தவன்

டெட்ராய்ட்டுக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எந்த சர்ச்சுக்குப் போகிறான் என்று கேட்க மாட்டார்கள். ஃபோர்டா, ஷெவர்லேயா என்றுதான் கேட்பார்கள். ஆர்லன் புரூட் ஃபோர்டுக்காரன். அவன் அப்பா வெர்ஜில், ஃபோர்டு தொழிற்சாலையின் எஞ்சின் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆர்லனும் அதே பிரிவில்தான் பிஸ்டன் மாட்டிக்கொண்டிருந்தான், எனக்கு அடுத்த இடத்தில். சாந்தமான ஆள், யார் வம்புக்கும் போக மாட்டான். ஷெவர்லேயைத் தோற்கடித்தவன் என்று ஊரே அவனைக் கொண்டாடியது. ஆனால் யாராவது அந்தப் பந்தயப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். ஏன் என்று எனக்குத் தெரிந்தது அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான். சொன்னவன் தோற்றுப்போன டெல்பர்ட்.

டெல்பர்ட் ஹாக், ஆர்லனின் தங்கை வாண்டாவின் புருஷன். ஷெவர்லே தொழிற்சாலையில் எஞ்சின்களை ஓட்டிப் பார்த்து அனுப்புகிற வேலை அவனுக்கு. கல்யாணத்தன்றே ஆர்லன் தங்கையிடம் கறாராகச் சொல்லிவிட்டான்: "கட்டிக்கிட்டது கட்டிக்கிட்ட. அவன் வண்டி மட்டும் நம்ம வாசலுக்குள்ள வரக்கூடாது." பாவம் டெல்பர்ட், பனி கொட்டினாலும் தன் ஷெவர்லே காமரோவைத் தெருவோரம் விட்டுவிட்டு நடந்துதான் மாமனார் வீட்டுக்கு வருவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மைல் கார்ப்பந்தய ஓடுதளத்தில் இருவரும் மோதுவார்கள். ஆர்லனின் ஃபோர்டு மஸ்டாங்குக்கு எதிரே டெல்பர்ட்டின் காமரோ. மற்ற தளங்களில் எத்தனையோ ஃபோர்டுகள் ஷெவர்லேக்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. இவனுடையது மட்டும் இரண்டு கோடைகளாக டெல்பர்ட்டின் பின்விளக்கைப் பார்த்தபடியே எல்லைக்கோட்டைத் தாண்டியது. திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் நாங்கள் சும்மா விடுவோமா?

"என்னடா ஆர்லன், காமரோவோட பின்பக்கம் சௌக்கியமா? உன்னளவுக்கு அதை வேற யாரும் பாத்ததில்ல."

"அவன் வழி காட்டுறான், இவன் தொலைஞ்சு போகாம பின்னாலயே போறான். நல்ல புள்ள."

அதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அப்பா சொன்னதுதான் அவனைக் குத்தியது. வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வெர்ஜில் ஒரு ஞாயிறு பந்தயம் முடியுமுன்பே எழுந்துவிட்டார். "நான் ஆயுசு பூரா கோத்த எஞ்சின்டா அது. உன் கையில குடுத்தா இப்படியா ஓடும்?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டுவிட்டு நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் ஆர்லன் அந்த வேலையைச் செய்தான். தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு பழைய வண்டிக் கிடங்குக்குப் போய், மோதி நொறுங்கிய ஒரு ஷெவர்லேயின் எஞ்சினை வாங்கி வந்தான். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை மஸ்டாங்குக்குள் இறக்கினான். எங்கள் எஞ்சின்களுக்கு அடிக்கும் அதே நீலப் பெயின்டையும் அடித்தான். ஓடுதளத்தின் சட்டப்படி இதில் தப்பே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கட்டியவளுக்குத் துரோகம் செய்தவனுக்குக்கூட ஒரு நாள் மன்னிப்பு உண்டு. ஃபோர்டுக்குள் ஷெவர்லேயை வைத்தவனுக்குக் கிடையாது. நீலப் பெயின்ட் எத்தனை பேரை ஏமாற்றும்? பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டர் எங்கள் எஞ்சினில் முன்பக்கம் இருக்கும், அவர்களுடையதில் பின்பக்கம். பானட்டைத் திறந்தால் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அடுத்த ஞாயிறு விளக்குப் பச்சையானதும் மஸ்டாங் பாய்ந்தது. எல்லைக்கோட்டில் காமரோ ஒரு வண்டி நீளம் பின்னால் இருந்தது. நாங்கள் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினோம். எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவன் கேட்டால் ஜெயித்தவன் பானட்டைத் திறந்து காட்டியே ஆகவேண்டும்.

"கேளுடா டெல்பர்ட், திறக்கச் சொல்லு. எது உன்னை அடிச்சுதுன்னு கண்ணால பாத்துட்டுப் போ" என்று கத்தினோம்.

ஆர்லன் இரண்டு கைகளாலும் பானட்டை அழுத்திக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. டெல்பர்ட் நிதானமாக நடந்து வந்தான். "வேணாம்" என்றான். பிறகு கட்டிப்பிடிப்பதுபோல் குனிந்து, ஆர்லனின் காதோடு சொன்னான்: "நல்லா ஓடுச்சு மச்சான். நான் தெனமும் கேக்குற சத்தமாச்சே, எனக்குத் தெரியாதா?"

வெர்ஜில் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையை வாங்கிக்கொண்டு ஆர்லன் மரம்போல நின்றான். அவனைத் தூக்கிக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன்.

அத்தோடு போயிருந்தால் காலம் மூடி மறைத்திருக்கும். ஆனால் யூனியன் பிக்னிக் வந்தது. மஸ்டாங்கைப் பூங்காவில் எல்லாரும் பார்க்க நிறுத்தவேண்டும், பானட்டைத் திறந்தே வைக்கவேண்டும் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. யோசனை சொன்னவரே வெர்ஜில்தான்.

ஆர்லன் டெல்பர்ட் வீட்டுக்குப் போனான். டெல்பர்ட் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

"பழைய எஞ்சினைத் திரும்ப ஏத்தணும். தனியா முடியல. வேற யாரையும் கூப்பிடவும் முடியாது."

"ஃபோர்டு எஞ்சினைத் தூக்க ஷெவர்லேக்காரனா?"

"கால்ல விழச் சொன்னா விழுறேன் டெல்பர்ட்."

டெல்பர்ட் புல்வெட்டியை அணைத்தான். "அதெல்லாம் வேணாம். எஞ்சின் தூக்குற செயின் பிளாக் என் வண்டிலதான் கெடக்கு. வண்டிய உங்க வாசலுக்குள்ள விடலாமா, இல்ல தெருவுலேர்ந்து தோள்ல தூக்கிட்டு வரணுமா?"

பிக்னிக்குக்கு முந்தின சனிக்கிழமை இருவரும் கொட்டகைக்குள் ஷெவர்லே எஞ்சினை இறக்கிவிட்டுப் பழையதை ஏற்றினார்கள். வாண்டா காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் மேப்பிள் மரத்தடியில் மஸ்டாங் வாயைத் திறந்துகொண்டு நின்றது. வெர்ஜில் காவல்காரர் மாதிரி பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் டிஸ்டிரிபியூட்டரைத் தொட்டுக் காட்டினார். தட்டில் உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்த டெல்பர்ட் அவர் கண்ணில் பட்டுவிட்டான்.

"வாங்க மாப்ளே. உங்களை அடிச்ச எஞ்சினைப் பாக்க வேணாமா?"

நாங்கள் சூழ்ந்துகொண்டோம். டெல்பர்ட் குனிந்து பார்த்தான். அதை ஏற்றியபோது ஒட்டிய கிரீஸ் இன்னும் அவன் நகக்கண்ணில் இருந்திருக்கும். "நல்ல எஞ்சின் மாமா" என்றான்.

"வெறும் வாய்ல சொன்னா எப்படி? தொப்பியக் கழட்டுடா" என்றான் எங்கள் ஆட்களில் ஒருவன். டெல்பர்ட் தலையில் இருந்தது ஷெவர்லே தொப்பி. அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, அந்த எஞ்சின் முன்னால் வெறுந்தலையோடு நின்றான். சிரிப்பு பூங்கா முழுக்கக் கேட்டது. வாண்டா அப்போதுதான் அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"அப்பா" என்றான் ஆர்லன். "டெல்பர்ட்டை அடிச்சது இது இல்லப்பா. அது ஷெவர்லே எஞ்சின். நான்தான் உள்ள வச்சேன். நேத்துதான் மாத்தினோம்."

வெர்ஜில் மகனையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது.

"பாத்தீங்களா? மச்சான் தலைகுனிஞ்சு நிக்கிறது பொறுக்கல, ஜெயிச்சதையே விட்டுக்குடுக்கிறான். யாருடா இப்படி ஒரு பொய்ய நம்புவா? இப்படி ஒரு புள்ளையப் பெத்திருக்கேன் பாருங்க."

நாங்கள் கை தட்டினோம். ஆர்லன் டெல்பர்ட்டைப் பார்த்தான், நீயாவது சொல்லேன் என்பதுபோல. டெல்பர்ட் கிழவரின் முகத்தைப் பார்த்தான். "விடு மச்சான்" என்றான் மெதுவாக.

ஆர்லன் மறுபடி வாயைத் திறந்தான். அப்பாவின் கை அவன் தோளில் விழுந்தது. "சரிப்பா" என்று மட்டும் சொன்னான். அவன் காதுமடல் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. அதைத் தன்னடக்கம் என்று நினைத்து நாங்கள் இன்னும் பலமாகத் தட்டினோம்.