வெஸ்ட்பி இரண்டு தடவை கேட்ட கேள்வி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடக்குக் கோடியில், ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஃபெடரல் நீதிமன்றம். அங்கே நீதிபதி ஹார்லன் வெஸ்ட்பியின் மேடைக்கு நேர் கீழே என் மேஜை. வழக்கைக் கூப்பிடுவதும் சத்தியம் செய்துவைப்பதும் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுப்பதும் என் வேலை. அவருடைய அப்பா கப்பலில் இரும்புத்தாது ஏற்றிய கூலிக்காரர். மகன் சட்டம் படித்து, அரசு வக்கீலாகி, நாற்பத்திரண்டு வயதில் நீதிபதியானார். அந்தப் பதவி ஆயுள் முழுக்க. ஓய்வு வயது கிடையாது, போதும் எழுந்திரு என்று சொல்ல ஆள் கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நன்றாக நாலு கேள்வி கேட்பேன்.

தண்டனை சொல்வதற்கு முன் குற்றவாளியைப் பேசவிட வேண்டும் என்பது சட்டம். பல நீதிபதிகள் கடமைக்குக் கேட்டுவிட்டுக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். வெஸ்ட்பி பேனாவை மூடி வைப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். "சொல்றதுக்கு ஏதாவது இருக்கா? அவசரமே இல்ல, நிதானமா சொல்லு" என்பார். கேட்ட பிறகு வருடங்களைக் குறைத்திருக்கிறார், கூட்டியும் இருக்கிறார். மனைவி மாரிட் இறந்த வாரமே வேலைக்கு வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். "வீட்ல யார் பேச்சக் கேக்கறது, டோரீன்?" என்றார்.

எழுபத்தெட்டு வயதில் அவருக்குப் பெயர்கள் நழுவ ஆரம்பித்தன. நான் கீழேயிருந்து முணுமுணுப்பேன், அவர் பிடித்துக்கொள்வார்.

"டாக்டரப் பாருங்க ஜட்ஜ்."

"பாத்தேன். எனக்கு வயசாயிடுச்சுன்னு கண்டுபிடிச்சிருக்காரு. பெரிய படிப்பாளி."

அந்த மார்ச்சில் டெவின் ராஸ்மஸின் வழக்கு வந்தது. காரில் போதைப்பொருள் கொண்டுபோய்ப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டவன். ஐந்து வருடத்துக்குக் கீழே சட்டம் இறங்க விடாது. அதற்கு மேல் எவ்வளவு என்பது நீதிபதியின் முடிவு. காலையில் அங்கியை மாட்டும்போது வெஸ்ட்பி சொன்னார்: "அவனுக்கு அஞ்சு போதும்னு தோணுது. இருந்தாலும் அவன் வாயால கேட்டுக்கறேன்."

கேட்டார். டெவின் திக்கித் திக்கிப் பேசினான். "பின் சீட்ல என் பொண்ணு தூங்கிட்டு இருந்தா சார். தெரிஞ்சேதான் ஓட்டினேன். யாரும் என்னை ஏமாத்தல." அவன் அம்மா அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள், முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெஸ்ட்பியின் கண்ணும் கலங்கியிருந்தது. கண்ணாடியை மாட்டிக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி கழற்றினார்.

"சொல்றதுக்கு ஏதாவது இருக்கா? அவசரமே இல்ல, நிதானமா சொல்லு."

டெவினின் வக்கீல் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வெஸ்ட்பியைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதே கனிவு இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தான் சொன்னது போதவில்லை என்று டெவின் நினைத்துவிட்டான். "நான் சரியா சொல்லலையா சார்?" என்று கேட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான். கார், பின் சீட்டு, குழந்தை எல்லாம் மறுபடியும் வந்தது. அவன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அழுதுகொண்டிருந்ததை வெஸ்ட்பி பார்த்துவிட்டார்.

"டோரீன், இவன் இத முன்னாடியே சொல்லிட்டானா?"

"சொல்லிட்டார் ஜட்ஜ்."

அவர் கண்ணாடியை மடித்துக் காகிதத்தின் மேல் வைத்தார். "மன்னிச்சுக்க தம்பி. உனக்குத் தண்டனை சொல்ற தகுதி எனக்கு இல்ல" என்று எழுந்து போனார். அந்த வாரமே பதவியை விட்டார்.

வழக்கு தெற்கேயிருந்து வந்த ஓர் இளம் நீதிபதியிடம் போனது. கெட்டவர் இல்லை. "நீங்க முன்னாடி பேசினதப் பதிவுல படிச்சேன். ஆனா உங்க வாயால கேக்கணும்" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் டெவின். வக்கீல் அவன் முழங்கையைத் தொட்டார். "ரெண்டு தடவ சொல்லியாச்சு. இன்னொரு தடவ என்னால முடியாது."

வருத்தமே இல்லாதவன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒன்பது வருடம் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது, ஆனால் என் மேஜையிலிருந்து பேச எனக்கு உரிமை இல்லை. சாயங்காலமே வெஸ்ட்பியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. மாரிட் இறந்தது அவருக்கு மறந்துவிட்டது. என்னைச் சில நாள் மாரிட் என்றே கூப்பிடுகிறார். அந்தப் பையன் மட்டும் மறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அவர் வீட்டுக்குப் போய்ச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பையன் வெளிய வந்துட்டானா?"

எனக்கு அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்குச் சொன்னேன். "வந்துட்டான் ஜட்ஜ். பொண்ணோட இருக்கான்" என்றேன்.

"அப்ப நான் அஞ்சுதான் குடுத்திருக்கேன்."

"ஆமா, அஞ்சுதான் குடுத்தீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார், நான் அடுத்த கரண்டியை ஊட்டினேன்.