ஒரு சோடி மாட்டின் ஏக்கர்

அளவுச் சங்கிலியின் மறுமுனையை வாப்பா காலிதீன்தான் பிடித்திருந்தார். நில அளவையாளனான மகன் பளீல் கணக்குப் போட்டு, "நம்மட வயல் ஏக்கருக்குக் கொஞ்சம் குறையுது வாப்பா" என்றான்.

அவர் முகம் சுருங்கியது. ஊரெல்லாம் ஒரு ஏக்கர் என்று சொல்லித் திரிந்தவர். "ஏக்கரெண்டு பேர் வச்சது ஆரு, மகன்?"

"வெள்ளக்காரன். முந்தி அதுக்கு வயலெண்டுதான் கருத்தாம். பிறகு, ஒரு சோடி மாடு ஒரு நாளில உழுற நிலம்."

"அப்ப மாட்டுட்டயே கேப்பம். உன்ட சங்கிலியா உழப்போகுது?"

அன்று பகலே பக்கத்து ஊரான வீரமுனைக்குப் போய், விடிய வந்து மாடு கொண்டுபோவதாகக் உழவு மாடு வைத்திருக்கும் கணபதியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கையில் கிணற்றடியில் சாய்ந்தார். நாடி பிடித்த பளீலுக்கு விரல் சொன்னது விளங்கியது; நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை வாப்பாவின் ஜனாஸாவை மண்ணில் அடக்கித் திரும்பும்போதுதான் பளீலுக்கு நினைவு வந்தது. வீரமுனையில் அந்தச் சோடி மாடு கட்டியபடியே நின்றது. கொண்டுவர யாரும் போகவில்லை.