கூட்டலுக்கு முன் கேட்பவர்

“நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல” என்று கன்னம் வீங்கிய ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு, மடியில் வைத்து எழுதும் அட்டைமேல் மறுபடி குனிகிறார் அவர். பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், மீன் இல்லாத மீன்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. பல்லில் கோளாறு ஒன்றுமில்லை. உள்ளே டிரில் பிடித்திருக்கும் டாக்டரம்மா அவர் மனைவி. அந்தச் சத்தம் கேட்கிற இடத்தில் யாரும் அரட்டை அடிப்பதில்லை. யோசிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்பது அவர் கட்சி. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் கவலை, இந்த மனுஷன் எந்த வருஷம் டோக்கன் வாங்கினாரோ என்று.

பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். மாணவர்கள் வைத்த பெயர் ‘எதைப் பொறுத்து’. படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாலும், வெளியே மழையா என்று கேட்டாலும் முதலில் வருவது அந்தக் கேள்விதான். அதற்குப் பதில் கிடைக்காமல் அவரிடமிருந்து ஒரு ‘ஆமாம்’ வாங்கியவர் இல்லை. டாக்டரம்மாவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டார் என்கிறார்கள். அது வதந்தியாகவும் இருக்கலாம்.

அவர் ஆராய்வது ஒருவகை நட்சத்திர இயற்கணிதம். இதைக் கேள்விப்பட்ட மைத்துனர், டெலஸ்கோப் வாங்கினால் எதை வாங்கலாம் என்று ஆலோசனைக்கு வந்தார். எழுத்தின் தலைமேல் போடுகிற குட்டி நட்சத்திரக் குறிதான் அது. வானத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதிலும் ‘இடஞ்சார் குவிவு’ கொண்ட இயற்கணிதம். இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டால் டாக்டரம்மா கணவருடைய சட்டையில் தொப்பைமேல் இறுகிய நடுப் பொத்தானைக் காட்டுவார். உண்மையில் விஷயம் வேறு. அந்த உலகத்தில் எதையும் ஒரே அளவுகோலால் அளந்து தீர்த்துவிட முடியாது. அளவுகோல்கள் கூட்டமாகத்தான் வரும். சட்டை எடுக்கக் கடைக்குப் போனாலும் இந்தக் கூட்டத்தோடுதான் போகிறார். கடைக்காரர் விளக்கை அணைத்த பிறகு வெறுங்கையோடு திரும்புகிறார்.

பல்கலைக்கழகத்தில் இவருக்கு எதிர் அறைக்காரர் இதே துறையின் சௌகரியமான பக்கத்தில் இருக்கிறார். ஆப்பரேட்டர் என்பதை மாவு மிஷின் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றைப் போட்டால் இன்னொன்றாக வெளியே வரும். எதிர் அறைக்காரருடைய மிஷின்கள் எல்லைக்குட்பட்டவை. எதைக் கொட்டினாலும் அரைத்துத் தரும். நம்மவருடையவை எல்லையற்றவை. சிலதைத்தான் வாங்கும், மற்றதைப் போட்டால் விடை கைக்கு அடங்காமல் ஓடிவிடும். எதை வாங்கும் என்ற வரம்புக்கு டொமைன் என்று பெயர். இரண்டு மிஷின்களைக் கூட்ட வேண்டுமானால், இரண்டும் வாங்குகிற சரக்கு ஏதாவது பொதுவாக இருக்க வேண்டும்.

“ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டறதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் சம்மதம் கேக்கறவன்யா இவன்” என்பார் எதிர் அறைக்காரர்.

“கேக்காம கூட்டினா உன்ன மாதிரி ஆயிடுவேன்” என்பார் இவர்.

டொமைன் எங்கும் அடர்ந்திருக்கும். எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அந்தப் புள்ளி அதில் இல்லாமலும் போகலாம். இதை ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கினார். “இதுல புரியாததுக்கு என்ன இருக்கு?” என்றார் டாக்டரம்மா. “வீட்ல எந்த வேலைய எடுத்தாலும் நீங்க பக்கத்துலயே இருப்பீங்க. வேலையில மட்டும் இருக்க மாட்டீங்க.”

பத்திரிகைகள் மற்றவர்களுடைய கட்டுரைகளை இவரிடம்தான் சரிபார்க்க அனுப்பும். பெரும்பாலானவை ஒற்றை வரியோடு திரும்பும்: ‘இந்தக் கூட்டல் எந்த டொமைனில்?’ அந்தத் துறையில் அவருக்குப் பயப்படாதவர் இல்லை. துறை முழுவதும் ஒரு வேனில் அடங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

பதவி உயர்வு மட்டும் அவரைக் கண்டுகொள்ளாமலே போய்க்கொண்டிருந்தது. போன மாதம் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வுக் குழுத் தலைவர் முன்னால், பல வருஷம் உழைத்த தேற்றத்தை விளக்க வேண்டும். முந்தின நாள் மாலை மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தார். வரவேற்பு மேஜையில் ஒரு தம்பதி, இருவருக்கும் ஒரே வேளையில் பல் பார்க்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள்.

“சாருக்குக் காலைலதான் ஒழியும்ங்கறீங்க. உங்களுக்கு சாயங்காலம்தான் ஒழியும்ங்கறீங்க” என்றார் வரவேற்பில் இருந்த பெண். “பொதுவா ஒரு நேரம் இல்லாம எப்படிக்கா ரெண்டு பேரையும் ஒண்ணாப் போடறது?”

இவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. தேற்றத்தின் ஆறாவது வரியில் இரண்டு ஆப்பரேட்டர்களைச் சந்தோஷமாகக் கூட்டி வைத்திருந்தார். அவை இரண்டுக்கும் பொதுவாக எதுவும் உண்டா என்று கேட்கவே இல்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் கேட்ட கேள்வி.

கடைசி நோயாளி போன பிறகு மனைவியிடம் சொன்னார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி கேட்டார்: “நாளைக்கு இது யார் கண்ணுலயாவது படுமா?”

“படாது. எதிர் ரூம்காரனுக்கு எதையும் எதோடயும் கூட்டலாம். தலைவருக்கு இது துறையே இல்ல.”

“அப்ப நாளைக்கு ஒருநாள் பேசாம இருங்க. அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம். ஊரையெல்லாம் வாயத் திறங்கன்னு சொல்லி சம்பாதிக்கறேன். உங்கள மட்டும்தான் மூடச் சொல்றேன்.”

“சரி” என்றார் அவர். எதைப் பொறுத்து என்று கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்ததாம்.

மறுநாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு டாக்டரம்மாவும் வந்து கருத்தரங்க அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நம்மவர் கரும்பலகையை நிரப்பிக்கொண்டு போனார். தலைவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். புரியாதவர்களுக்கே வாய்க்கும் அழகான தலையாட்டல். ஆறாவது வரி வந்தது. எழுதினார். ஏழாவது வரியையும் எழுதினார். டாக்டரம்மா மூச்சு விட்டார். எட்டாவதின் பாதியில் சாக்பீஸ் நின்றது.

“ஆறாவது வரில ஒரு கூட்டல் இருக்கு” என்றார், பலகையைப் பார்த்தபடியே. “அது கூடாது. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணும் இருக்கறதா நான் காட்டல.”

எதிர் அறைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். குரலில் கிண்டல் இல்லை. “சின்ன ஓட்டைதானேய்யா. அப்புறம் அடைச்சுக்கலாம். நீ மேல போ.”

“அடைக்க முடியுமான்னு தெரியலையே” என்றார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நம்மவர் டஸ்டரை எடுத்தார். எட்டாவது வரியை அழித்தார், ஏழாவதை அழித்தார், ஆறாவதில் பெரும்பகுதியை அழித்தார். சரியாகவே இருந்த ஐந்தாவது வரியின் ஓர் எழுத்து வால் நீட்டி ஆறாவதுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டை நுனியைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு, அந்த வாலில் படாமல் அதைச் சுற்றியிருந்ததை மட்டும் துடைக்க ஆரம்பித்தார்.